நிழலில் காயவேண்டிய பூ

என் மனைவியின் அண்ணனுக்குக் கைராசி உண்டு என்று கருமத்தம்பட்டிச் சுற்றுவட்டாரத்துக் குடியானவர்கள் எல்லோரும் நம்பினார்கள். விதைப்புக் காலத்தில் முதல் பிடி விதையை அவர் கையால் போடவேண்டும் என்று வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்து அழைத்துப்போவார்கள். பருத்தியானாலும் மிளகாய் நாற்றானாலும், அவர் தொட்டு ஆரம்பித்தால் வெள்ளாமை தப்பாது என்பது அவர்கள் எண்ணம். நான் கோயம்புத்தூரில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தேன். இந்த மாதிரி நம்பிக்கைகளைக் கேட்டால் சிரிப்பேன். ஆனால் தம் கைராசி போய்விட்டது என்று அவரே நம்பும்படி செய்தவன் நான்தான். அதை ஒரு பொய்யால் செய்தேன். அந்தப் பொய்க்குக் காரணம் பொறாமை. வேறு எந்தப் பெயரும் அதற்குப் பொருந்தாது.

முப்பதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் முதல் குழந்தை எட்டாம் மாதத்தில் காய்ச்சலில் இறந்துபோனது. அதன்பிறகு என் மனைவிக்குத் தூக்கம் இல்லாமல் போயிற்று. பகலில் எல்லா வேலையும் செய்வாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். படுத்தால் கண் மூடாது. விடியற்காலையில் மில் சங்கு ஊதும்போது, இரவெல்லாம் அதற்காகவே காத்திருந்தவள்போல எழுந்து வாசல் தெளிக்கப் போய்விடுவாள். மெலிந்துகொண்டே வந்தாள்.

ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனேன். அவர் ஊசி போடவில்லை. ஒரு சின்னத் தகர டப்பாவைக் கொடுத்தார். அதற்குள் காய்ந்த பூக்கள் இருந்தன. நடுவில் மஞ்சள், சுற்றிலும் வெள்ளை இதழ், சட்டைப் பொத்தான் அளவு. தம் ஊரில் இதைத் தேயிலை மாதிரிக் கொதிநீரில் போட்டு மூடிவைத்துக் குடிப்பார்கள், உடம்பு அமைதியாகித் தூக்கம் வரும் என்றார். கேமோமில் என்று பெயர் சொன்னார். நம் பக்கத்தில் சீமைச்சாமந்தி என்பார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் அதற்குப் பூத்தண்ணி என்று பெயர் வந்துவிட்டது.

பூத்தண்ணியை நான்தான் தயாரிப்பேன். பொழுது சாய்ந்ததும் அடுப்படிக்குப் போய், வெந்நீரில் இரண்டு சிட்டிகை பூ போட்டு, தட்டால் மூடி, நூறு எண்ணி, வடிகட்டி, துளி கருப்பட்டி சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவள் குடித்தாள், தூங்கினாள். மூன்று வாரம் அந்த டப்பா இருந்தது. குழந்தையைக் காப்பாற்ற என்னால் முடியவில்லை. அவளுக்கு என் கையால் கொடுக்க முடிந்தது அந்தத் தூக்கம் ஒன்றுதான். அதை நான் எவ்வளவு பெரிதாக நினைத்தேன் என்பது டப்பா காலியான பிறகுதான் எனக்கே தெரிந்தது.

கடைகளில் அது கிடைக்கவில்லை. டாக்டரம்மாவிடமும் வேறு டப்பா இல்லை. தமக்கு ஊரிலிருந்து வந்திருந்த ஒரு விதைப் பொட்டலத்தையும், பயிரிடும் முறையும் காயவைக்கும் முறையும் அச்சிட்ட ஒரு தாளையும் கொடுத்தார். எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. நான் படித்தவன் அல்லவா? பத்துத் தொட்டி வாங்கி, மண்ணும் எருவும் நிரப்பி, தாளைச் சரியாகப் படிக்காமலேயே, மற்ற விதைகளை ஊன்றுவதுபோல விரலளவு ஆழத்தில் போட்டு மூடினேன். ஒரு மாதம் காத்திருந்தும் ஒன்றும் முளைக்கவில்லை.

அப்போதுதான் மச்சான் வந்தார். தங்கையைப் பார்க்கக் காய்கறியும் நெய்யும் எடுத்துக்கொண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். தொட்டிகளைப் பார்த்தவர் ஒன்றில் விரலை விட்டுக் கிளறினார்.

"என்னுங்க மாப்ளை, வெதை போட்டீங்களா, இல்லாட்டிப் பொதையல் பொதச்சு வெச்சீங்களா?"

என் மனைவி சிரித்துவிட்டாள். குழந்தை போன பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எத்தனை மாதமாக அந்தச் சிரிப்புக்காக நான் என்னவெல்லாம் செய்திருந்தேன். அவர் வந்து கால் நாழிகைகூட ஆகவில்லை.

பொட்டலத்தில் மிச்சமிருந்த விதையை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். "இது பொயலை வெதையாட்டப் பொடியுங்க. சாம்பல்ல கலந்து மேலாக்கத் தூவி உட்டரோணும். மண்ணு மூடுனா எந்திரிக்காதுங்க" என்றார். துண்டின் மூலையில் முடிந்துகொண்டார். புகையிலை நாற்று விட்டுப் பழகிய கை அது.

கார்த்திகையில் தம் தோட்டத்தில் தூவினார். தை மாதத்தில் ஒரு நாள், ஈரத்துணியில் சுற்றிய பூவோடு வந்து நின்றார். பச்சைப்பூவைப் போட்டே அன்று என் மனைவி பூத்தண்ணி வைத்தாள். அவளே வைத்தாள், என்னைக் கூப்பிடவில்லை. மறுநாள் காலை சங்கு ஊதியது, பால்காரர் வந்து போனார், வெயில் வாசலுக்கு வந்துவிட்டது, அவள் எழுந்திருக்கவில்லை. பால் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அவள் தலைமாட்டில் நின்றேன். முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. நான் மகிழ்ந்திருக்க வேண்டும். எனக்குத் தோன்றியது வேறு: இது அவர் கொடுத்த தூக்கம்.

அன்று முதல் "எங்கண்ணன்" என்ற சொல்லை அவள் வாயிலிருந்து கேட்கும்போதெல்லாம் ஏதோ ஒன்று என் நெஞ்சில் உறுத்தியது. ஒருநாள் முழுக்க அதை எத்தனை முறை சொல்கிறாள் என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். பக்கத்து வீட்டு அம்மாளிடம், "எங்கண்ணன் கைராசிங்கக்கா, மருந்துக்கடையில கெடைக்காதது எங்கண்ணன் தோட்டத்துல கெடைக்குது" என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, அன்று சோற்றில் உப்பில்லை என்று அவளிடம் சிடுசிடுத்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. ஒருமுறை அவள் டம்ளரில் ஒரு வாய் குடித்துப் பார்த்து, மண்வாசனை அடிக்கிறது என்றும் சொன்னேன். "எனக்குத் தெரியிலீங்களே" என்று மீதியைக் குடித்துவிட்டாள்.

பங்குனி வெயிலில் செடிகள் கருகிப்போயின. பூ நின்றது, தூக்கமும் நின்றது. அடுத்த வருஷம் அதிகமாகப் பயிரிட்டு, காயவைத்து, வருஷம் முழுதுக்கும் சேர்த்துவைத்துவிட வேண்டும் என்று மச்சான் தீர்மானித்தார். விதை எடுத்து வைத்திருந்தார். கார்த்திகையில் கிணற்றோரமாக இரண்டு பாத்தி கட்டித் தூவினார். மாசியில் ஆள் அனுப்பினார்: பூப் பறிக்க அம்மணியையும் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளை வரவேண்டும், அந்த இங்கிலீஷ் தாளையும் மறக்காமல் எடுத்துவர வேண்டும்.

போனோம். இரண்டு பாத்தியும் வெள்ளையாகக் கிடந்தன. அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு கூடையோடு இறங்கினார்கள். விரல்களைச் சீப்புப்போல விரித்துச் செடிக்குள் விட்டு மேலே இழுத்தால் பூவின் தலை மட்டும் கையோடு வரும். அவர் செய்து காட்டினார், அவள் உடனே பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் இருவரும் பருத்தி எடுத்த கதை, கிணற்றில் நீர் இறைக்கும் கவலை மாடு மிரண்டு ஓடிய கதை என்று பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. எனக்குத் தெரியாத ஆட்களின் பெயர்கள், எனக்குப் புரியாத சிரிப்பு. நான் செருப்போடு வரப்பில் நின்றுகொண்டிருந்தேன்.

"நானும் வரட்டுங்களா மச்சான்?" என்று கேட்டேன்.

"வேண்டாமுங்க மாப்ளை. நீங்க உள்ள எறங்குனா பூவெல்லாம் எந்திரிச்சு நின்னு குட்மார்னிங் சொல்லிப்போடும். அப்பறம் உக்காருன்னு நீங்க சொல்ற வரைக்கும் பறிக்க முடியாதுங்க."

தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த ஆள்கூடச் சிரித்தார். என் மனைவி கூடையைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மச்சான் முறைக்கு அது சாதாரணக் கேலி. என்மேல் அவருக்குப் பிரியம் இல்லாவிட்டால் அப்படிப் பேசியிருக்கமாட்டார். இப்போது தெரிகிறது. அப்போது என் காதெல்லாம் எரிந்தது.

பூவை எல்லாம் ஒரு வேட்டியில் குவித்தார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் வந்தார்.

"காய வெக்கிறதுக்கு அந்தக் காயிதத்துல என்ன போட்டிருக்குதுங்க மாப்ளை? நமக்கு மொளகாய் தெரியும், மஞ்சள் தெரியும். இது தெரியாது. நீங்க சொல்றாப்பல செஞ்சர்லாம்."

தாளைப் பிரித்தேன். தெளிவாக இருந்தது. பூவின்மேல் வெயில் படவே கூடாது. காற்றோட்டமான நிழலில், துணிமேல் ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். வெயில் பட்டால் பூவிலுள்ள எண்ணெய் போய்விடும், பிறகு அதில் மணமும் இருக்காது, குணமும் இருக்காது.

"நல்ல வெயில்ல மூணு நாள் காயோணும்னு போட்டிருக்குதுங்க" என்றேன்.

அவர் யோசித்தார். "பூவாச்சுங்களே மாப்ளை, வெயில் தாங்குமுங்களா?"

"சருகாட்ட நொறுங்கோணுமாம். அச்சுல போட்டிருக்குது, பாருங்க." ஆங்கிலம் தெரியாதவர்முன் அந்தத் தாளை நீட்டினேன்.

அவர் அதை வாங்காமலேயே தலையாட்டினார். "அச்சுல போட்டிருந்தாச் சரிதானுங்க."

அந்த நொடியில் நான் என் மனைவியை நினைக்கவில்லை. ஒரே ஒரு தடவை அவர் தோற்கவேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். மனைவியின் நினைப்பு பிறகு வந்தது, அன்று மாலை பஸ்ஸில் திரும்பி வரும்போது. மூன்று நாள் அவகாசம் இருந்தது. ஒரு ஆளை அனுப்பி, தவறாகப் படித்துவிட்டேன், நிழலில் எடுத்துப் போடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாளை அடுப்பில் போட்டேன். அதுதான் நான் செய்தது.

அவரோ எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். மிளகாய் காயும் களத்தைக் கூட்டி, சாணம் மெழுகி, மாசி வெயிலில் மூன்று நாள் பூவைப் பரப்பி, மணிக்கொரு தரம் தாமே கிளறிவிட்டாராம். ஒரு பெரிய பிஸ்கட் டப்பா நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். மஞ்சள் பழுப்பாகியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசமும் இல்லை.

அந்தப் பூத்தண்ணி அவளைத் தூங்கவைக்கவில்லை. இரண்டு சிட்டிகை மூன்றாயிற்று, பிறகு ஒரு கைப்பிடி ஆயிற்று. பங்குனி, சித்திரை, வைகாசி என்று அவள் விடாமல் குடித்தாள். அண்ணன் வந்து கேட்டபோதெல்லாம், "நல்லாத் தூங்கறனுங்கண்ணா" என்று சொன்னாள். அவர் மனசு நோகக்கூடாது என்று அவள் பொய் சொல்வதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அதிலும் எனக்குப் பொறாமைதான் வந்தது. எனக்காக அவள் இப்படிப் பொய் சொல்வாளா என்று.

ஆடி நோம்பிக்கு எங்களை அழைத்திருந்தார்கள். ஊருக்குப் போய் ஒரு ராத்திரி தங்கினோம். காலையில் மச்சான் தங்கையின் கண்ணைப் பார்த்தார். அவ்வளவுதான், அவருக்குப் புரிந்துவிட்டது. ராத்திரி அவள் குடித்து மீதி வைத்திருந்த டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"வைக்கப்புல்ல ஊறவெச்ச தண்ணியாட்ட இருக்குதே கண்ணு. இதயவா அஞ்சு மாசமாக் குடிக்கறே?"

அவள் டம்ளரைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

"போன வருசம் நல்லா இருந்துச்சு. அதே வெதை, அதே மண்ணு, அதே தண்ணி." கொஞ்ச நேரம் தம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காயிதத்துல போட்டாப்பலதான் செஞ்சேன். அப்ப என்ற கையிலதான் என்னமோ கோளாறு."

அன்று மதியம் பக்கத்துத் தோட்டக்காரர் தட்டோடு வந்தார். வழக்கம்போல ஆடி விதைப்புக்கு முதல் பிடி போட அழைக்க வந்திருந்தார். மச்சான் தட்டைத் தொடவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேற ஆளப் பாருங்க."

"ஏனுங்க, என்ன கோவமுங்க எம்மேல?"

"கோவமெல்லாம் இல்லீங்க. கூடப் பொறந்தவளுக்கு ஒரு பிடி பூவு வெளைவிச்சுக் குடுக்கத் துப்பில்லாத கை. உங்க காட்டுக்கு வந்து என்னாத்துக்குங்க? வெள்ளாமை போச்சுன்னா நானுங்களா பொறுப்பு?"

நான் தண்ணீர்த் தொட்டியடியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். பத்தடி தூரம்கூட இல்லை. "மச்சான், தப்பு உங்க கையில் இல்லை" என்று ஒரு வாக்கியம் போதும். வகுப்பில் நாள் முழுக்கப் பேசுகிறவன் நான். அன்று கழுவின காலையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றேன். தட்டு திரும்பிப் போயிற்று.

அந்தக் கார்த்திகையில் அவர் விதையைத் தங்கையிடமே கொடுத்துவிட்டார். "நீயே தூவு அம்மணி. என்ற கை வேண்டாம்." அவள் போய் அதே பாத்தியில் தூவிவிட்டு வந்தாள். மாசியில் பூவை நான் பச்சையாகவே நகரத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். காயவைப்பது என் பொறுப்பு என்றேன். உள்ளறையில் கயிற்றுக் கட்டில்மேல் வெள்ளை வேட்டியை விரித்து, ஒரே அடுக்காகப் பரப்பி, இரண்டு பக்க ஜன்னலையும் திறந்துவைத்தேன். மாடியில் மில் பஞ்சு வந்து விழும், அதனால்தான் உள்ளே போட்டிருக்கிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். ஒரு வாரத்தில் காய்ந்தது. வீடெல்லாம் பழுத்த கொய்யாப்பழமும் புதுவைக்கோலும் கலந்தாற்போல மணம்.

அவள் தூங்கினாள். அந்த வருஷம் முழுதும் தூங்கினாள். உடம்பு தேறியது. பக்கத்து வீட்டு அம்மாளிடம், "எங்கூட்டுக்காரரு காய வெச்சதுங்கக்கா" என்று சொன்னதை நான் உள்ளே இருந்து கேட்டேன். இரண்டு வருஷமாக நான் காத்திருந்த சொல் அது. இனித்தது. அதை மறைத்து எழுதினால் இந்த எழுத்துக்கே அர்த்தமில்லை. உண்மையிலேயே இனித்தது.

மச்சான் வந்து டம்ளரை வாங்கிக் குடித்துப் பார்த்தார். முகர்ந்தார், இன்னொரு வாய் குடித்தார். "பாத்தீங்களா மாப்ளை, கை மாறுனதும் பூவும் மாறிப்போச்சு" என்றார். அவர் முகத்தில் தங்கைக்காக ஒரு நிறைவு இருந்தது. அதுவரை அவருக்கு ஒரு சந்தேகமாவது மிச்சமிருந்திருக்கும். அதையும் நான் தீர்த்துவைத்துவிட்டேன். அதன்பிறகு ஊரார் அழைப்பதை நிறுத்திவிட்டார்கள். தம் சொந்தத் தோட்டத்திலேகூட முதல் பிடி விதையைத் தம் மனைவியைப் போடச் சொல்லிவிட்டு, அவர் வரப்பில் தள்ளி நிற்பார். முன்பு நான் நின்றேனே, அதுபோல. ஏறக்குறைய நாற்பது வருஷம்.

எங்களுக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தார்கள், நான் ஓய்வு பெற்றேன். மச்சான் நெஞ்சுச் சளியில் படுத்தார் என்று தகவல் வந்தபோது நானும் மனைவியும் போனோம். வேப்பமரத்தடிக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மகன்கள் சோளம் விதைக்கப் போயிருந்தார்கள். "நீங்க போகிலீங்களா?" என்று என் மனைவி சும்மா கேட்டாள். "நான் போயி என்ன பண்றது கண்ணு, நம்ம கைதான் தெரியுமே" என்று சிரித்தார்.

அப்போது சொன்னேன். தாளில் நிழல் என்று போட்டிருந்ததை, நான் வெயில் என்று சொன்னதை, அவர்மேல் இருந்த பொறாமையை, தாளை எரித்ததை, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு இருமி, சிரித்து, என் முழங்கையைத் தட்டினார்.

"அட நீங்க ஒண்ணு மாப்ளை. சாகப்போறவன் மனசு ஆறட்டும்னு இப்படியெல்லாம் சொல்லோணுமுங்களா?"

"இல்லீங்க மச்சான், நெசமாலுமே—"

"எனக்குத் தெரியாதுங்களா உங்களை? ராத்திரி பகலா அவளைப் பாத்துக்கிட்டவரு. நீங்க போயி அவ குடிக்கிறதக் கெடுப்பீங்களா?" தங்கையின் பக்கம் திரும்பினார். "பாரு அம்மணி, என்ற பழியத் தூக்கி அவரு தலையில போட்டுக்கறாரு. நல்ல மனுசன்."

நான் மறுபடியும் சொல்லியிருக்க வேண்டும். ஆணையிட்டாவது நம்பவைத்திருக்க வேண்டும். நல்ல மனுசன் என்று அவர் சொன்னதோடு நிறுத்திக்கொண்டேன். அந்தச் சொல்லையும் வாங்கி வைத்துக்கொண்டேன். அடுத்த மாதம் அவர் இறந்துபோனார், தம் கை கெட்ட கை என்று நம்பிக்கொண்டே.

உண்மையைச் சொன்ன அன்று அவரிடம் விடைபெற்றுக் கிளம்பி, அவிநாசி சாலைக்கு நடந்து வந்து பஸ்ஸுக்காக நின்றோம். அவள் சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த டப்பாப் பூவக் குடிச்சுப்போட்டு நான் தூக்கமில்லாமக் கெடந்த வருசம், நீங்களும் முழிச்சுட்டுத்தானுங்க படுத்திருந்தீங்க?"

"ஆமாம்" என்றேன். அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

"எனக்காக முழிச்சிருக்கீங்கன்னு நெனச்சனுங்க. பாவம், நம்மளால அவருக்கும் தூக்கம் கெடுதேன்னு அழுவேன்."

பஸ் வந்தது. அவள் முன்னால் ஏறி, பெண்கள் வரிசையில் ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு பேருக்கும் நான்தான் சீட்டு வாங்கினேன்.